ஊசிமுனையில் ஒரு பறவை

ஒரு மாடு செத்துப்போனால் அடுத்து என்ன செய்வது என்று வட இந்தியக் கிராமங்களில் யாரும் தலையைப் பிய்த்துக்கொண்டதில்லை. தோல் உரிப்பவர் வந்து தோலை எடுத்துக்கொள்வார். மிச்சம் ஊருக்கு வெளியே புறம்போக்கில் கிடக்கும். வானத்தில் முதலில் ஒரு கரும்புள்ளி தெரியும். பிறகு பத்து, இருபது, ஐம்பது. சண்டையும் சச்சரவுமாக அரை மணி நேரப் பந்தி. பந்தி முடிந்தால் எலும்புக்கூடுதான் மீதி. அதையும் எலும்பு பொறுக்குகிறவர்கள் உர ஆலைக்கு அனுப்பிவிடுவார்கள். பஞ்சாயத்துக்குக் காலணா செலவில்லை, ஊருக்கு நாற்றமில்லை. இந்தச் சேவைக்காக அந்தப் பறவைக்குக் கிடைத்த பட்டம் ‘பிணந்தின்னி’.

தமிழிலும் அதே கதிதான். எதிர்க்கட்சிக்காரரைத் திட்ட வேண்டுமென்றால் மேடைப் பேச்சாளருக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது பிணந்தின்னிக் கழுகு. கழுகு என்ற சொல்லே குழப்பம்தான். உயிருள்ள இரையை அடித்துத் தின்னும் பறவைக்கும், செத்ததைத் தின்று ஊரைச் சுத்தப்படுத்தும் பறவைக்கும் ஒரே பெயர். பின்னதற்குப் ‘பாறு’ என்று பழந்தமிழில் தனிச்சொல் இருந்தது. பறவை ஆர்வலர்கள் அதைத் தூசு தட்டி எடுத்திருக்கிறார்கள். பெயர் திரும்பி வந்துவிட்டது. பறவை வருமா என்பதில்தான் சிக்கல்.

ராஜஸ்தானில் பரத்பூரை ஒட்டிய கேவலாதேவ் தேசியப் பூங்காவில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விஞ்ஞானி விபு பிரகாஷ் 1980-களில் வேட்டைப் பறவைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1987-88 பருவத்தில் அவர் எண்ணிய வெண்முதுகுப் பாறுகளின் கூடுகள் 353. 1996-97-ல் அதே பூங்காவுக்குத் திரும்பி வந்து எண்ணியபோது 150. மரக்கிளைகளில் செத்த பறவைகள் தொங்கிக்கொண்டிருந்தன. உயிரோடிருந்தவையும் கழுத்தைத் தொங்கப்போட்டபடி நாள்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருந்தன. பிறகு ஒருநாள் பொத்தென்று விழுந்தன. அடுத்த சில ஆண்டுகளில் பூங்காவில் கூடுகளே இல்லாமல் போயின.

பூங்காவில் கண்டது நாடு முழுவதும் நடந்துகொண்டிருந்தது. 1980-களில் இந்தியாவில் பாறுகள் 4 கோடி வரை இருந்திருக்கலாம் என்று ஒரு மதிப்பீடு உண்டு. உலகிலேயே அதிகமாகக் காணப்படும் பெரிய வேட்டைப் பறவை வெண்முதுகுப் பாறுதான் என்று அப்போது பறவை நூல்கள் பெருமை பேசின. 1992-க்கும் 2007-க்கும் இடையில் அந்த இனத்தில் 99.9 சதவீதம் மறைந்துபோனது. அதாவது ஆயிரத்துக்கு ஒன்று மிஞ்சியது. கருங்கழுத்துப் பாறு, மெல்லலகுப் பாறு ஆகிய இரண்டு உறவுக்கார இனங்களில் கிட்டத்தட்ட 97 சதவீதம் போயிற்று. இவ்வளவு வேகமாகச் சரிந்த பறவையினம் வேறு எதுவும் அண்மைக் காலத்தில் இல்லை. 2000-ஆம் ஆண்டிலேயே இவை ‘மிக அருகிவிட்டவை’ என்ற பட்டியலில் சேர்க்கப்பட்டன.

காரணம் மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. யாரும் சுடவில்லை, யாரும் பிடித்து விற்கவில்லை. காடு அழிந்ததால் என்று சொல்லவும் வழியில்லை, இது காட்டுப் பறவையே அல்ல. உணவுப் பஞ்சமா என்றால் நாட்டில் மாடுகளுக்குக் குறைவில்லை. ஏதோ ஒரு வைரஸ் என்றுதான் பலரும் சந்தேகித்தார்கள். இறந்த பறவைகளை அறுத்துப் பார்த்தபோது ஈரல், இதயம், சிறுநீரகம் என்று உறுப்புகள்மேல் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைப் படிவம். அது யூரிக் அமிலம். சிறுநீரகம் செயலிழந்தால் பறவைகளுக்கு வரும் கோளாறு இது. சிறுநீரகத்தைக் கெடுத்தது எது?

விடை பாகிஸ்தானிலிருந்து வந்தது. அங்கே பஞ்சாப் மாகாணத்தில் அமெரிக்கக் கால்நடை நோயியல் நிபுணர் லிண்ட்சே ஓக்ஸும் அவரது குழுவினரும் வைரஸ், பூச்சிக்கொல்லி, ஈயம், பாதரசம் என்று ஒவ்வொன்றாகத் தேடிக் கைவிட்டார்கள். கடைசியில் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். பாறு தின்பது மாட்டை. அப்படியானால் மாட்டுக்குள் போவது என்ன? கால்நடை மருந்துக் கடைகளில் விசாரித்தபோது, சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய, புதிதாகப் பரவலாகியிருந்த ஒரு வலி நிவாரணி அகப்பட்டது. பெயர் டைக்ளோஃபெனக். மூட்டுவலிக்காரர்கள் எல்லோருக்கும் பழக்கமான அதே மருந்துதான். சிறுநீரகக் கோளாறால் இறந்திருந்த 25 பாறுகளைச் சோதித்தார்கள். 25-லும் அது இருந்தது. வேறு காரணங்களால் இறந்த பறவைகளில் அது இல்லை. 2004-ல் ‘நேச்சர்’ இதழில் இந்த முடிவு வெளியானபோது, ஒரு வலி மாத்திரை ஒரு கண்டத்தின் பறவையைத் துடைத்தெறிய முடியும் என்பதை நம்ப விஞ்ஞானிகளுக்கே சிரமமாக இருந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தபோது நம்ப வேண்டியதாயிற்று. 130 மாட்டுச் சடலங்களில் ஒன்றே ஒன்றில் கொல்லும் அளவு மருந்து இருந்தாலே இந்தச் சரிவு சாத்தியம் என்றது ஒரு ஆய்வு. ஏனென்றால் பாறு தனியாகச் சாப்பிடுவதில்லை. ஒரு சடலத்தில் விஷம் என்றால் சாவது ஒரு கூட்டம். இந்தியாவில் 2004-05-ல் சோதித்த சடலங்களில் பத்தில் ஒன்றில் டைக்ளோஃபெனக் இருந்தது. இழப்பை ஈடுகட்டவும் இந்தப் பறவையால் முடியாது. ஐந்து வயதுக்குப் பக்கத்தில்தான் அது பருவமடைகிறது. ஆண்டுக்கு ஒரு முட்டை. அதுவும் பொரித்து, வளர்ந்து, பிழைத்தால்தான் உண்டு.

இங்கே விவசாயியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எளிது, நியாயமல்ல. மடிநோயில் துடிக்கும் கறவை மாட்டுக்கு ஒரு ஊசி போட்டால் மறுநாள் எழுந்து நிற்கிறது. ஏர் மாட்டுக்கு நொண்டல் நின்றால் உழவு நடக்கிறது. 1990-களில் அந்த ஊசி மலிவாகவும் கிடைத்தது. பசுவைக் கசாப்புக்கு அனுப்பத் தயங்கும் நாட்டில் மாடு இயற்கையாகச் சாகிறவரை வைத்திருப்பார்கள், கடைசி நாள்வரை வைத்தியமும் பார்ப்பார்கள். மாட்டின்மீது காட்டிய அந்தக் கருணைதான் சுற்றி வளைத்துப் பாறுவுக்கு யமனாக வந்தது. ஜடாயுவுக்கு ராமனே ஈமக்கடன் செய்ததாக ராமாயணம் சொல்லும் நாட்டில், ஜடாயுவின் வம்சம் ஈமக்கடன் செய்ய ஆளில்லாமல் வயல்வெளிகளில் விழுந்து கிடந்தது.

மறைந்த பறவையின் அருமை பில் வந்த பிறகுதான் தெரிந்தது. முதலில் உணர்ந்தவர்கள் பார்சிகள். மும்பை மலபார் குன்றில் உள்ள மௌன கோபுரங்களில் உடல்களை வைத்துப் பறவைகளுக்கு அளிப்பது அவர்கள் மரபு. பறவைகள் வராமல் போகவே, சூரிய ஒளியைக் குவிக்கும் கண்ணாடிகளைப் பொருத்தினார்கள். ஊர்ப்புறங்களில் பாறுகள் விட்ட இடத்தை நாய்கள் பிடித்தன. நாய் பெருகினால் வெறிநாய்க்கடியும் பெருகும். சடலங்கள் அழுகி நீர்நிலைகளில் கலந்தன. எங்கே புதைப்பது என்று தெரியாத ஊர்களில் ஆற்றில் தள்ளிவிட்டார்கள். பாறுகள் அதிகம் வாழ்ந்த மாவட்டங்களின் சாவு விகிதத்தையும், அவை எப்போதுமே குறைவாக இருந்த மாவட்டங்களின் விகிதத்தையும் பொருளாதார நிபுணர்கள் ஆனந்த் சுதர்சன், இயல் ஃபிராங்க் ஆகிய இருவரும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2000 முதல் 2005 வரை மட்டும் ஏறத்தாழ 5 லட்சம் பேர் கூடுதலாக இறந்திருக்கிறார்கள் என்பது 2024-ல் வெளியான அவர்கள் ஆய்வின் முடிவு. அசிங்கமான பறவை என்று முகம் சுளித்தவர்கள் யோசிக்க வேண்டிய எண் இது.

அருகிவரும் விலங்கைக் காப்பாற்ற இந்தியாவிடம் ஒரு பழகிய வழி இருக்கிறது. வேலி போடு, காவல் வை, வேட்டையைத் தடு. இந்த வழி பலித்தும் இருக்கிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விரல்விட்டு எண்ணும் நிலையில் இருந்த காசிரங்கா காண்டாமிருகங்கள் 2022 கணக்கெடுப்பில் 2,613. 1970-களில் நாடு முழுவதும் 200-க்கும் கீழே இருந்த கரியால் முதலைகளுக்குச் சம்பல் நதியில் இன்று வீடு இருக்கிறது. ஆனால் பாறுவுக்கு எங்கே வேலி போடுவது? ஒரே நாளில் நூறு கிலோமீட்டர் பறந்து இரை தேடும் பறவை அது. அதன் காடு என்பது கிராமம். அதைக் காக்க வேண்டிய வனக்காவலர் மருந்துக்கடைக்காரர்தான். அவருக்கு அந்தப் பொறுப்பு இருப்பதாக யாரும் சொன்னதில்லை, சம்பளமும் இல்லை.

அதனால் வேலை இரண்டு பக்கமாகப் பிரிந்தது. ஒன்று கூண்டுக்குள். ஹரியானாவில் பிஞ்சோரில் 2001-ல் பாறுகளுக்கான பராமரிப்பு மையம் தொடங்கி, 2004-ல் அது ஜடாயு இனப்பெருக்க மையமானது. மாநில வனத்துறையும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் சேர்ந்து நடத்தும் முயற்சி. வங்காளத்தில் ராஜாபட்காவாவிலும், அசாமில் ராணியிலும், பின்னர் போபாலிலும் இதேபோன்ற மையங்கள் எழுந்தன. கேட்பதற்குச் சாதாரணம். செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். இந்த இனங்களைக் கூண்டில் இனப்பெருக்கம் செய்வதில் உலகில் யாருக்கும் அனுபவமில்லை. ஜோடியைப் பறவைகள் தாங்களே தேர்ந்துகொள்ளும் அளவுக்குப் பெரிய கூண்டு வேண்டும். ஆள் நடமாட்டம் கண்ணில் படக்கூடாது. கொடுக்கும் இறைச்சியில் எந்த வலி மருந்தும் இருக்கக்கூடாது. அதைவிட முக்கியமாகப் பொறுமை வேண்டும்: குஞ்சாகப் பிடித்து வந்த பறவை முட்டையிடவே ஆண்டுகள் ஆகும். 2009-ல் மெல்லலகுப் பாறு உலகிலேயே முதன்முறையாகக் கூண்டில் குஞ்சு பொரித்தது. பிறகு முதல் முட்டையை எடுத்து இன்குபேட்டரில் வைத்தால் ஜோடி மறுபடியும் ஒரு முட்டையிடும் என்ற தந்திரத்தையும் கைவரப் பெற்றார்கள். ஆண்டுக்கு ஒன்று இரண்டானது. பிஞ்சோரில் செய்திருப்பது சாதனை, சந்தேகமில்லை.

இன்னொரு பக்கம் கூண்டுக்கு வெளியே. இங்கேதான் கதை நொண்டுகிறது.

தொடக்கம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. காரணம் தெரிந்த இரண்டே ஆண்டுகளில், 2006-ல், கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனக்கை இந்தியா தடை செய்தது. ஒரு பறவைக்காக ஒரு மருந்தைத் தடை செய்வது எந்த அரசுக்கும் எளிதல்ல. இந்திய அரசு எந்திரத்தின் வழக்கமான வேகத்தைப் பார்த்தால் இரண்டு ஆண்டு என்பது மின்னல். மாற்று மருந்தும் தயாராக இருந்தது. மெலாக்சிகம் என்ற வலி நிவாரணியைத் தென்னாப்பிரிக்காவில் அங்குள்ள பாறுகளுக்கும் பிறகு ஆசியப் பாறுகளுக்கும் கொடுத்துச் சோதித்து, ஆபத்தில்லை என்று அதே 2006-ல் அறிவித்திருந்தார்கள்.

ஆனால் மனிதர்களுக்கான டைக்ளோஃபெனக் தடை செய்யப்படவில்லை. செய்யவும் முடியாது. மருந்துக் கம்பெனிகள் அதை 30 மில்லி குப்பிகளில் விற்றன. மனிதனுக்கு ஒரு வேளைக்கு 3 மில்லி போதும். 30 மில்லி யாருடைய உடம்புக்கு என்று கேட்கத் தேவையே இல்லை. தடைக்குப் பிறகு, 2007 முதல் 2010 வரை 11 மாநிலங்களில் 250-க்கும் மேற்பட்ட மருந்துக் கடைகளில் வாடிக்கையாளர் போலப் போய் மாட்டுக்கு வலி மருந்து கேட்டுப் பார்த்தார்கள். 36 சதவீதக் கடைகளில் டைக்ளோஃபெனக் கிடைத்தது. பெரிய குப்பியை நிறுத்தி 3 மில்லி குப்பி மட்டுமே விற்க வேண்டும் என்ற உத்தரவு 2015-ல்தான் வந்தது. இரண்டு மருந்துக் கம்பெனிகள் அதை எதிர்த்துச் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போயின. 2017-ல் நீதிமன்றம் உத்தரவு செல்லும் என்றது. ஒரு குப்பியின் அளவைச் சுருக்க, தடை வந்த நாளிலிருந்து 11 ஆண்டுகள்.

இதற்குள் வேறொரு வேடிக்கை நடந்துகொண்டிருந்தது. டைக்ளோஃபெனக் போன இடத்தில் அதன் சகோதரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். கீட்டோபுரோஃபென் பாறுவைக் கொல்லும் என்று 2009-லேயே ஆய்வு வெளியானது. அசெக்ளோஃபெனக் மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்ளோஃபெனக்காகவே மாறிவிடுகிறது என்று 2016-ல் தெரிந்தது. வேறு பெயர்ப் பலகை மாட்டிய அதே கடை என்றே சொல்லலாம். இரண்டும் தடை செய்யப்பட்டது 2023 ஜூலையில். கோவையில் உள்ள சலீம் அலி பறவையியல் மையத்தின் ஆய்வாளர்கள் குஜராத்தில் இறந்து கிடந்த பாறுகளின் உடலில் நிமிசுலைடு இருப்பதைக் கண்டு 2021-ல் எழுதினார்கள். அது கால்நடைகளுக்குத் தடையானது 2024 இறுதியில். அப்போதும் ஃப்ளூனிக்ஸின் அந்தப் பட்டியலில் இல்லை. ஃப்ளூனிக்ஸினால் ஒரு பாறு இறந்தது ஸ்பெயினில் ஏற்கெனவே பதிவாகியிருந்தது.

இந்த எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். டைக்ளோஃபெனக்குக்கு 2 ஆண்டு. அசெக்ளோஃபெனக்குக்கு 7. கீட்டோபுரோஃபெனுக்கு 14. அனுபவம் கூடக் கூட வேகம் கூட வேண்டும், இங்கே தலைகீழ். ஒவ்வொரு மருந்தும் முதலில் சந்தைக்கு வருகிறது. பறவைகள் சாகின்றன. யாரோ ஒரு ஆய்வாளர் சடலத்தை எடுத்துச் சோதிக்கிறார். கட்டுரை வெளியாகிறது. கமிட்டி கூடுகிறது, இன்னொரு கமிட்டி கூடுகிறது, வழக்கு வருகிறது. பிறகு தடை. அதற்குள் அடுத்த மருந்து கடையில் வந்து நிற்கிறது. கோடிக்கணக்கில் இருந்த காலத்தில் இந்த ஆமை வேகத்தைப் பறவை தாங்கியிருக்கலாம். 2015-ல் மிச்சமிருந்த வெண்முதுகுப் பாறுகள் ஏறத்தாழ 6,000. மெல்லலகுப் பாறு ஆயிரம் அளவில்.

கால்நடை மருந்து விற்க அனுமதி கேட்கும் கம்பெனி, அது மாட்டுக்குப் பலன் தரும், கெடுதல் செய்யாது என்று காட்டினால் போதும். செத்த மாட்டைத் தின்பவருக்கு என்ன ஆகும் என்ற கேள்விக்கு இடமில்லை. மெலாக்சிகத்தையும், பிறகு பரேலியில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனமும் பம்பாய்க் கழகமும் சேர்ந்து சோதித்த டோல்ஃபெனாமிக் அமிலத்தையும் பார்த்தால், இது முடியாத சோதனை அல்ல என்பது தெரியும். பாறுகளுக்கு நஞ்சு என்று தெரிந்த மருந்தைக் கால்நடை உபயோகத்திலிருந்து தானாகவே விலக்கும் ஏற்பாடு வேண்டும் என்று மத்திய அரசின் 2020-25 செயல்திட்டமே சொன்னது. அந்தத் திட்டம் வெளியான பிறகும் கீட்டோபுரோஃபெனுக்கு மூன்று ஆண்டு ஆனது. ‘தானாகவே’ என்ற சொல்லுக்கு அரசு அகராதியில் என்ன பொருள் என்பது புதிர். அதுவும்கூட மருந்து நஞ்சென்று தெரிந்த பிறகு விலக்கும் ஏற்பாடுதான். சந்தைக்கு வருமுன்பே சோதனை, அதற்கான செலவு விற்கப்போகிறவருடையது என்ற விதி வந்தால்தான் இந்த ஓட்டப் பந்தயம் முடியும். கம்பெனிகள் விலை ஏறும் என்று புலம்பும். 5 லட்சம் சாவுகளுக்குப் பக்கத்தில் வைத்தால் அந்தப் புலம்பல் காதில் விழாது.

பணக்கார நாடுகள் இதில் ஒழுங்கு என்று நினைக்க வேண்டாம். ஐரோப்பாவின் பாறுகளில் பெரும்பான்மை வாழும் ஸ்பெயின், ஆசியாவில் நடந்தது அத்தனையும் தெரிந்த பிறகு, 2013-ல் கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனக்கை அனுமதித்தது.

நேபாளத்தைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். அங்கும் 2006-ல்தான் தடை. ஆனால் அதோடு நிற்கவில்லை. கடை கடையாகப் போய் மிச்சமிருந்த டைக்ளோஃபெனக்கை வாங்கிக்கொண்டு மெலாக்சிகத்தைக் கொடுத்தார்கள். தராய்ப் பகுதியில் பிதௌலி கிராமத்து மக்கள் வயதான மாடுகளை வாங்கிப் பராமரித்து, மருந்தில்லாமல் இயற்கையாகச் செத்த பிறகு பாறுகளுக்கு இட்டார்கள். ‘ஜடாயு உணவகம்’ என்று அதற்குப் பெயர். பார்க்க வருபவர்களிடம் வசூலிக்கும் கட்டணம் ஊருக்கு. பாதுகாப்பான வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்தன. நேபாளக் கடைகளில் டைக்ளோஃபெனக் ஏறக்குறைய மறைந்தது. 2013-க்குப் பிறகான கணக்கெடுப்புகளில் வெண்முதுகுப் பாறுவின் எண்ணிக்கை அங்கே ஏறத் தொடங்கியது. பறவை அதேதான், மருந்தும் அதேதான், நடுவே ஒரு எல்லைக்கோடு மட்டும்.

இந்தியாவில் கூண்டுப் பறவைகளை வெளியே விடும் தேதி தள்ளிப்போய்க்கொண்டே இருந்ததற்குக் காரணம் இதுதான். நூறு கிலோமீட்டர் சுற்றளவில் கடைகளையும் சடலங்களையும் சோதித்து, ஆபத்தில்லை என்று தெரியாமல் கதவைத் திறந்தால் இருபது ஆண்டு உழைப்பு ஒரே ஒரு மாட்டில் முடிந்துவிடும். பிஞ்சோரில் வளர்ந்த எட்டு வெண்முதுகுப் பாறுகள் 2020 அக்டோபரில்தான் முதன்முதலாகச் சிறகு விரித்தன. எங்கே போகின்றன என்று பார்க்க முதுகில் கருவி பொருத்தியிருந்தார்கள். 2024 ஜனவரியில் மேலும் 20 பறவைகள் மகாராஷ்டிரத்தில் தாடோபாவுக்கும் பெஞ்சுக்கும் கொண்டுசெல்லப்பட்டன. தாடோபா புலிகளுக்குப் பேர் போனது. காட்டுக்குள் புலி அடித்த மானையும் காட்டெருமையையும் தின்றுகொண்டிருக்கும்வரை பறவைக்குக் கவலையில்லை. அதற்கு ஆகாரம் அங்கேதான் என்று சொல்லிக் கொடுக்க யாராலும் முடியாது.

தெற்கே நிலைமை கொஞ்சம் வேறு. ‘ஷோலே’ படத்தில் கப்பர் சிங் உட்கார்ந்து உறுமிய ராமநகரப் பாறைகள் ஒரு காலத்தில் கருங்கழுத்துப் பாறுகளின் குடியிருப்பு. கர்நாடக அரசு 2012-ல் அதைப் பாறுகள் சரணாலயமாக அறிவித்தது. அறிவித்தபோது அங்கே பறவைகள் மிகக் குறைவு. திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளையில் குருக்கள் கையால் உணவு வாங்கிச் சாப்பிட்ட மஞ்சள்முகப் பாறுகள் 1990-களுக்குப் பிறகு வருவதில்லை. ஊர்ப் பெயரில் மட்டும் கழுகு இருக்கிறது. உருப்படியாக மிஞ்சியிருப்பது நீலகிரிக்குக் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கு. முதுமலை, சத்தியமங்கலம், பந்திப்பூர், வயநாடு என்று மூன்று மாநிலங்களின் காடுகள் சந்திக்கும் இடம். மூன்று மாநில வனத்துறைகளும் சேர்ந்து 2023 தொடக்கத்தில் எண்ணியபோது 246 பாறுகள். அதே ஆண்டு டிசம்பரில் 320. எண்ணிய இடங்களும் கண்களும் மாறியிருக்கும் என்பதால் இதைப் பெருக்கம் என்று அவசரப்பட்டுக் கொண்டாடக் கூடாது. ஆனால் குறையவில்லை என்பதே இந்தப் பறவையின் வரலாற்றில் செய்தி.

இங்கே வேறொரு ஆபத்தும் உண்டு. புலியோ சிறுத்தையோ மாட்டை அடித்துவிட்டால், ஆத்திரத்தில் சடலத்தில் விஷம் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். புலிக்கு வைத்த விஷத்தை முதலில் தின்பது பாறுதான். மாட்டுக்கான இழப்பீடு சுருக்காகக் கைக்கு வந்தால் இந்த ஆத்திரம் பாதி குறையும். வருவதில்லை என்பதுதான் பல இடங்களில் புகார். அருளகம் போன்ற அமைப்புகள் ஊர் ஊராகப் போய்ப் பேசுகின்றன. கால்நடை மருத்துவர்களிடமும் மருந்துக் கடைகளிலும் பேசுகின்றன.

மாயாற்றங்கரையில் உயரமான நீர்மருத மரங்களில்தான் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன. மழை ஓய்ந்த பிறகு ஜோடி சேர்ந்து சுள்ளிகளை அடுக்கும். ஒரு முட்டை. ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். ஒன்று உட்கார்ந்திருக்க, மற்றது காலை வெயில் ஏறியதும் வெப்பக்காற்றில் சுழன்று மேலே எழும்பி, காட்டின் எல்லையைத் தாண்டிப் போய்விடும். அங்கிருந்து பார்த்தால் மூன்று மாநிலத்துப் பட்டிகளும் மேய்ச்சல் நிலங்களும் ஒன்றாகத்தான் தெரியும். எந்த ஊரில், எந்தக் கடையில் வாங்கிய ஊசி போட்ட மாட்டின்மேல் அது இறங்குகிறது என்பதைப் பொறுத்துச் சாயங்காலம் கூட்டுக்குத் திரும்பும்.